ஷ்ரூஸ்பரியை நான் விசாரித்த கதை

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவள். கடைசியாக எழுதிய கட்டுரை மரம் வளர்ப்பதன் பயன்கள் பற்றியது; அதிலும் பாதிப் பயன்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுடையவை. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்ததெல்லாம் மளிகைச் சாமான் எழுதத்தான். இப்போது இங்கிலாந்தில் இருக்கும் ஒரு பழைய ஊரைப் பற்றி, அதன் ஆறு, கோட்டை, பாலங்கள், சந்துகள் எல்லாவற்றையும் பற்றி எழுதப் போகிறேன். அந்த ஊருக்கு நான் போனதே இல்லை. போகாமல் எழுதுவது தப்புதான். ஆனால் அங்கே இருபது வருஷத்துக்கு மேல் குடியிருக்கும் இரண்டு பேரிடம் அந்த ஊரைப் பற்றிப் பேசி, அவர்களை ஒரு மதியம் முழுக்கக் கலங்கடித்தவள் என்ற முறையில் எனக்கும் கொஞ்சம் உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

நாங்கள் இருப்பது நியூஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில். எங்களுக்கு ஒரே மகன். ஜெர்சி சிட்டியில் தங்கி வேலை பார்க்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், மூன்றாவது தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மா, ஐ வான்ட் யூ கைஸ் டு மீட் சம்ஒன்."

தமிழ்ப் பெண். அவனோடு அதே கட்டிடத்தில் வேலை. அப்பா டாக்டர், அம்மா மருந்துக்கடையில் ஃபார்மசிஸ்ட். வீட்டுக்கு ஒரே பெண்.

"எந்த ஊரு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஷ்ரூஸ்பரி."

"அட, இங்கதான! கார்டன் ஸ்டேட் பார்க்வே எடுத்தா முக்கால் மணி நேரம். வர்ற சனிக்கிழமையே போய்ப் பார்த்துட்டு, அப்படியே பீச்சுக்கும் போயிட்டு வந்துரலாம்."

"நோ அப்பா. தி ரியல் ஒன்."

"ரியல்னா? ஓ, மாசசூசெட்ஸ்ல ஒண்ணு இருக்குதே, அதுவா?"

"இங்கிலாந்து, அப்பா."

இதில் என் வீட்டுக்காரரைக் குற்றம் சொல்ல முடியாது. இந்த மாநிலத்தில் பாதி ஊர்களுக்கு இங்கிலாந்துப் பெயர்தான். எங்கள் வெஸ்ட் வின்ட்சருக்குப் பக்கத்தில் ஈஸ்ட் வின்ட்சர் இருக்கிறது. இரண்டிலும் அரண்மனை கிடையாது. எல்லாம் இங்கேயே இருக்கும்போது, ஒருவர் இங்கிலாந்துக்கே போய் இங்கிலாந்துப் பெயருள்ள ஊரில் குடியிருப்பார் என்று அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பூனாவுல இருந்து வர்றவங்க ஒரு வெண்ணெய் பிஸ்கட் கொண்டு வருவாங்களே, ஷ்ரூஸ்பரி பிஸ்கட்டுன்னு. அந்த ஊரா?" என்றார். அந்த ஊர்தான் என்றதும் அவருக்குச் சம்பந்தம் பாதி பிடித்துவிட்டது.

மீதிப் பாதி என் தலையில் விழுந்தது.

எனக்குப் புது மனிதர்களிடம் பேச வராது. கோபமும் இல்லை, கர்வமும் இல்லை. வார்த்தை தொண்டை வரைக்கும் வரும், வந்து அங்கேயே ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிடும் எங்கள் நண்பர்கள் வீட்டு பாட்லக்குகளில் நான் போனதும் அடுப்புப் பக்கம் நின்றுவிடுவேன். வடை பொரிக்கிறவளிடம் யாரும் கிரீன் கார்டு பற்றிக் கருத்துக் கேட்க மாட்டார்கள். இப்படியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் எடிசனில் இருந்து ஒரு குடும்பம் மகனுக்குப் பெண் கொடுப்பது பற்றிப் பேச வந்தபோது, வீட்டில் வடை பொரிக்கும் வேலை மிச்சமில்லை. இரண்டு மணி நேரம் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். பிறகு நடுவில் இருந்தவர் வழியாகச் சேதி வந்தது: "பையன் தங்கம். ஆனா அந்தம்மா எங்களை ஒரு மனுஷங்களாவே மதிக்கல."

அப்போது மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்கு அந்த இடத்தில் விருப்பமில்லை. இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அம்மா, ஹெர் மாம் இஸ் கமிங் டு ஸீ யூ. நாட் மீ. யூ" என்றான். பெண்ணின் அம்மாவுக்கு ஒரே பயம்தானாம். ஒற்றைப் பெண்ணைக் கடல் தாண்டிக் கொடுக்கப் போகிறோம், மாமியார் எப்படிப்பட்டவள் என்று நேரில் பேசிப் பார்த்தால்தான் மனசு ஆறும் என்கிறாராம். அம்மா மனசுக்கு ஒத்துவராவிட்டால் தானும் சரி என்று சொல்ல முடியாது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். "ஸோ திஸ் டைம் யூ ஹேவ் டு டாக், அம்மா. ப்ளீஸ்." அவன் இப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. முதல் கார் கேட்டபோதுகூட இவ்வளவு கெஞ்சவில்லை.

என்ன பேசுவது?

"வெதரைப் பத்திப் பேசு" என்றார் என் வீட்டுக்காரர். "இங்கிலீஷ்காரங்களுக்கு வெதர்னா உசுரு."

"அவங்க தாம்பரத்துக்காரங்கங்க."

"அப்ப தண்ணிக் கஷ்டத்தைப் பத்திப் பேசு."

இவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது. என்னிடம் பேசுபவர்கள் எதைப் பேசினால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று யோசித்தேன். யாராவது என் ஊர்ப் பெயரைச் சொன்னால், அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் முறுக்கு நன்றாக இருக்குமே என்று ஒரு வார்த்தை சொன்னால், எனக்கு அவர்களை உடனே பிடித்துவிடும். அப்படியானால் அவர்களுடைய ஊரைப் பற்றிப் பேசுவோம் என்று முடிவு செய்தேன்.

வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன பிறகு, கிரைண்டர் பக்கத்தில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஊர் ஊராக நடந்து வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவர் முகத்தைக் காட்டவே மாட்டார். அவருடைய செருப்புச் சத்தமும் மூச்சுச் சத்தமும்தான் கேட்கும். மேடு வந்தால் இரைக்கும். கொஞ்ச நாளில் என் வீட்டுக்காரரின் மூச்சைவிட அந்த மனிதரின் மூச்சு எனக்கு நன்றாகப் பழகிவிட்டது. இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

ஷ்ரூஸ்பரி அழகான ஊர். ஆறு ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டு ஓடுகிறது, இடுப்பில் ஒட்டியாணம் போட்ட மாதிரி. முழு வட்டமில்லை; ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தரை விட்டிருக்கிறது. ஒட்டியாணத்துக்குக் கொக்கி வருகிற அந்த இடத்தில் சிவப்புக் கல்லில் ஒரு கோட்டை. இந்தப் பக்கம் இங்கிலாந்துக்குப் போக ஒரு பாலம், அந்தப் பக்கம் வேல்ஸுக்குப் போக ஒரு பாலம். பாலங்களின் பெயரே ஆங்கிலப் பாலம், வேல்ஸ் பாலம். பெயர் வைக்க யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனால் கறுப்பு மரச் சட்டமும் வெள்ளைச் சுவருமாகப் பழைய வீடுகள். எல்லாம் கொஞ்சம் சாய்ந்திருக்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர்கள் மாதிரி நிற்கின்றன. மாடி முன்னால் துருத்திக்கொண்டு வருவதால், சந்தில் நடந்தால் தலைக்கு மேல் வானம் ஒரு நாடா அகலம்தான். இந்த ஜன்னலிலிருந்து எதிர் ஜன்னலில் சர்க்கரை கடன் வாங்கலாம். ஒரு சந்தின் பழைய பெயரை இங்கே எழுத முடியாது. என் தம்பி இதைப் படிப்பான்.

இந்த வீடுகளெல்லாம் துணி வியாபாரத்தில் வந்தவையாம். வேல்ஸ் மலைக்காரர்கள் நெய்த கம்பளியை இந்த ஊர் வணிகர்கள் வாங்கி, மேல்வேலை செய்து, லண்டனுக்கு விற்றிருக்கிறார்கள். திருப்பூர்ப் பக்கத்தில் பிறந்தவளுக்கு இது புரிய வரலாற்றுப் புத்தகம் வேண்டியதில்லை. நெய்தவர்களின் வீடு மலையில் எப்படி இருந்தது என்று வீடியோக்காரர் காட்டவில்லை. அது இப்போது இருக்காது.

மனிதன் குரங்கிலிருந்து வந்தான் என்று சொன்ன விஞ்ஞானி பிறந்ததும் அந்த ஊரில்தான். அவர் படித்த பள்ளிக்கூடம் இப்போது நூலகம். வாசலில் அவர் நாற்காலி போட்டுச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். நான் பார்த்தபோதெல்லாம் தலையில் புறா. ஆகஸ்டில் ஆற்றோரப் பூங்காவில் மலர்க் கண்காட்சி உண்டு. மழைக்காலத்தில் அந்த ஆறே பூங்காவுக்குள் வந்துவிடும்.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். நான் மகனிடம் அவர்கள் தெருப் பெயரையும் கேட்டு வாங்கிவிட்டேன். அந்த வீடியோக்காரர் அந்தத் தெரு வழியாகவும் இரைத்துக்கொண்டு நடந்திருந்தார்.

அவர்கள் வந்தது ஏப்ரலில், ஒரு சனிக்கிழமை மதியம். மகள் வீட்டில் தங்கியிருந்து, அவளே காரில் கூட்டி வந்தாள். டாக்டர் உயரமானவர், நிதானமாகப் பேசுகிறவர். அவர் நெற்றியில், முடி முடிகிற இடத்தில், ஒரு சின்னத் தழும்பு. பெண்ணின் அம்மா இளம்பச்சைப் பட்டுப் புடவைக்கு மேல் தடித்த கோட்டு போட்டிருந்தார். கோட்டைக் கழற்றும்போதே என்னைத் தலையிலிருந்து கால் வரை ஒரு பார்வை பார்த்தார். தப்பான பார்வை இல்லை. சந்தையில் நல்ல கத்திரிக்காயைத் தேடுகிறவரின் பார்வை.

என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்கும் தெரியவில்லை. சம்பந்தி என்று சொல்ல இன்னும் முடிவாகவில்லை. மேடம் என்றால் ஆபீஸ். "ஏங்க, எதுக்கு இவ்வளவு பண்ணியிருக்கீங்க" என்று ஒரு "ஏங்க"வில் சமாளித்தார். சாப்பாடு முடிந்தது. ஆண்கள் டர்ன்பைக் நெடுஞ்சாலை டிராபிக் பற்றிப் பேசி முடித்தார்கள். மகன் என்னைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கினான்.

நான் பாயசக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தேன்.

"இந்த வருஷமும் ஆத்துல தண்ணி வந்துதுங்களா?"

பெண்ணின் அம்மா நிமிர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "ஐயோ, அதை ஏன் கேக்கறீங்க! வாசல் படி வரைக்கும் வந்துடுச்சு. கார்ப்பெட்டெல்லாம் சுருட்டி மாடிக்குத் தூக்கி... உங்களுக்கு எப்படித் தெரியும்?"

மகன் எனக்கு மட்டும் தெரியும்படி கட்டைவிரலைத் தூக்கினான். அதுதான் தப்பாகப் போயிற்று. எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

கோட்டைக்குப் போவீர்களா என்று கேட்டேன். "கோட்டைக்கா?" என்று டாக்டர் மனைவியைப் பார்த்தார். "அங்க பார்க்கிங் கஷ்டம்." பழைய மடாலயம்? "வெளியில இருந்து பார்த்திருக்கோம். டெய்லி அந்த வழியாத்தானே டிரைவ் பண்றேன்." நூலக வாசல் சிலை? டாக்டர் சிரித்துவிட்டார். "ஊர்ல இருந்து யாராவது வந்தா லண்டனுக்குக் கூட்டிட்டுப் போவோம். பர்மிங்காம் பக்கத்துல பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவோம். நம்ம ஊருக்குள்ள யாருங்க சுத்தறாங்க?"

நாங்களும் அப்படித்தான். பிரின்ஸ்டனுக்குப் பக்கத்தில் இத்தனை வருஷமாக இருக்கிறோம். அங்கே எங்களுக்கு நன்றாகத் தெரிந்த இடம் இலவசமாகக் கார் நிறுத்தும் தெரு ஒன்றுதான்.

அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் முப்பது வருஷமாகத் தொண்டையில் ஓரமாக உட்கார்ந்திருந்த வார்த்தைகளெல்லாம் ஒன்றாக எழுந்து வந்தன.

"உங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல, வாசல்ல கல் சிங்கம் வெச்ச வீடு, அது இன்னும் விக்கலீங்களா?"

பெண்ணின் அம்மா கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அது... வித்துப் போயி ஒரு வருஷம் ஆச்சே."

"ஒரு நீலக் காரு எப்பவும் நடைபாதை மேல பாதி ஏறி நிக்குதே, அது யாருதுங்க?"

"என்னோடதுதான்" என்றார் டாக்டர் மெல்ல.

"இதெல்லாம் உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?" என்று கேட்டார் பெண்ணின் அம்மா. குரலில் இப்போது மலர்ச்சி இல்லை.

வீடியோவில் பார்த்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒருத்தி பட்டப்பகலில் தனியாக உட்கார்ந்து முன்பின் தெரியாதவர்களின் தெருவைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள் என்பது, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்ததைவிடக் கேவலமாக எனக்குத் தோன்றிவிட்டது. "யாருமில்லீங்க... சும்மா... கேள்விப்பட்டதுதானுங்க" என்றேன்.

நம்மவர்கள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ போனால், நாலு பேரை விட்டுக் கமுக்கமாக விசாரிப்பார்கள். அப்பா எப்படி, அம்மா எப்படி, அக்கம்பக்கத்தில் என்ன பேர். விசாரித்தீர்களா என்று கேட்டால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் இழுத்த மாதிரியேதான் இழுப்பார்கள். இது எனக்கு அந்த நிமிஷம் உறைக்கவில்லை. பேச்சு தொய்ந்துவிட்டதே என்று பதறி, என்னிடம் மிச்சமிருந்த ஒரே அதிசயத்தையும் எடுத்து விட்டேன். அந்த ஊரில் மிகப் பழைய கட்டிடங்களில் ஒன்று ஒரு மதுக்கடை. சரிவான தெருவில் கறுப்பும் வெள்ளையுமாக நிற்கும். எனக்கு அது ஒரு புராதனச் சின்னம், அவ்வளவுதான்.

"அந்தச் சரிவுத் தெருவுல பழைய பப் இருக்குதுங்களே, அதுக்குள்ள போயிருக்கீங்களா டாக்டர்? உள்ளே உத்தரம் ரொம்பத் தாழ்வாமா. உசரமானவங்க போனா மண்டையில இடிக்குமாமே?"

டாக்டரின் கை தானாக எழுந்து நெற்றித் தழும்பைத் தடவியது.

பெண்ணின் அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு தழும்பைப் பார்த்தார். "கார் டிக்கி இடிச்சுதுன்னு சொன்னீங்க" என்றார்.

"டிக்கிதான்... அது வேற..."

"ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

இருவரும் பின்பக்க மரத்தள டெக்குக்குப் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. ஆனால் எங்கள் சமையலறை ஜன்னல் டெக்கைப் பார்த்துத்தான் இருக்கிறது, அது திறந்தும் இருந்தது. நான் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

"உங்க கூட வேலை பார்க்கற அந்த எலும்பு டாக்டர்தான் இவங்களுக்குச் சொல்லியிருக்கணும். அவருக்கு எடிசன்ல மச்சினன் இருக்கான்."

"சேச்சே, அவர் நல்லவரும்மா."

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். கூடச் சேர்ந்து மண்டையை இடிச்சுக்கிட்டவங்க." பிறகு குரல் உடைந்தது. "கல் சிங்கம் வரைக்கும் விசாரிச்சிருக்காங்க. இந்த வீட்ல நம்ம பொண்ணு ஒரு நாள் லேட்டா எழுந்தா, அது நாலு ஊருக்குத் தெரிஞ்சிடும். எனக்கு பயமா இருக்குங்க. கிளம்பலாம்."

உள்ளே மகன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அம்மா, வாட் டிட் யூ டூ? ஹூ டிட் யூ கால்?"

"யாரையும் கால் பண்ணலடா."

"இவ பீட்ஸா ஆர்டர் பண்றதுக்கே போன் எடுக்க மாட்டாடா" என்றார் என் வீட்டுக்காரர். அன்றைக்கு முழுக்க அவர் சொன்னதில் அது ஒன்றுதான் எனக்கு உதவியாக இருந்தது.

விளக்கிச் சொல்ல நான் டெக்குக்குப் போகவில்லை. பேசினது போதும் என்று இருந்தது. டேப்லெட்டை எடுத்து, மகன் சொல்லிக் கொடுத்த பொத்தானை அழுத்தி, வீடியோவை ஹாலில் இருக்கும் பெரிய டிவியில் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். செருப்புச் சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மூச்சிரைப்பும்தான்.

"ஓ மை காட், தட்ஸ் அவர் ஸ்ட்ரீட்!" என்று அந்தப் பெண் துள்ளி எழுந்தாள். "அம்மா! கம் அண்ட் ஸீ! அப்பாஸ் கார்!"

டெக் கதவு திறந்தது. டிவியில் கல் சிங்கமும், அதன் பக்கத்தில் வீடு விற்பனைக்கு என்ற பலகையும், நடைபாதையில் பாதி ஏறிய நீலக் காரும் வரிசையாக வந்து போயின. பெண்ணின் அம்மா நின்றபடியே பார்த்தார்.

"இதைப் பார்த்தா சொன்னீங்க?"

தலையாட்டினேன்.

"எவ்வளவு நாளா பார்க்கறீங்க?"

"இவ கொஞ்ச நாளா சீரியலே பார்க்கறதில்லைன்னு நானே ஆச்சரியப்பட்டேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"உங்ககிட்ட என்ன பேசறதுன்னு தெரியலீங்க" என்றேன். "பேசலைன்னா திமிருன்னு நெனச்சுக்குவாங்க. உங்க ஊரைப் பத்திப் பேசினா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு..."

அவர் கோட்டு எடுக்கப் போன கையைக் கீழே விட்டார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "உங்க பையன், எங்கம்மா பேசவே மாட்டாங்கன்னு சொன்னான். சரி, நல்லதாப் போச்சு, எல்லாத்தையும் நம்மளே பேசிடலாம்னு பிளேன்ல முழுக்க யோசிச்சுக்கிட்டு வந்தேன். நீங்க என்னடான்னா சி.ஐ.டி. மாதிரி ஆரம்பிச்சுட்டீங்க!"

வீடியோ சரிவுத் தெருவுக்குள் நுழைந்தது. கறுப்பு வெள்ளைக் கட்டிடம் தெரிந்தது.

"ஃபார்வர்ட் பண்ணுங்களேன், கோட்டையைப் பார்ப்போம்" என்றார் டாக்டர்.

"கோட்டையில பார்க்கிங் கஷ்டம்" என்றார் அவர் மனைவி. "இது ஓடட்டும்."

வீடியோக்காரர் உள்ளே போனார். குனிந்தார். கேமராவும் குனிந்தது. கரும்பலகை மாதிரி ஒரு உத்தரம் திரை முழுக்க வந்தது.

"நிறுத்துங்க" என்றார் பெண்ணின் அம்மா. நிறுத்தினேன். எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த உத்தரத்தைப் பார்த்தார். திரும்பிக் கணவரின் உயரத்தைப் பார்த்தார். "டிக்கி நல்ல ஸ்ட்ராங்காத்தான் இருக்கு" என்றார்.

இந்த இடத்தில் என் வீட்டுக்காரர் எழுந்தார். "டாக்டர், வெள்ளம்னு சொன்னீங்களே. எங்க பேஸ்மென்ட்ல புதுசா சம்ப் பம்ப் போட்டிருக்கேன். கரண்ட் போனாலும் தண்ணியை இறைச்சு வெளிய தள்ளிடும். வாங்க, காட்டறேன்." இருவரும் அவசரமாகப் படியிறங்கிப் போனார்கள். எங்கள் பேஸ்மென்டில் சம்ப் பம்ப்புக்குப் பக்கத்தில் இருக்கும் அலமாரியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். போன வேகத்தைப் பார்த்துப் பெண்ணின் அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. பம்ப்பை அவர்கள் வெகு நேரம் பார்த்தார்கள்.

நாங்கள் வீடியோவைத் தொடர்ந்தோம். சந்தை ஆற்றங்கரையில் இருப்பதாக நான் சொன்னேன். இல்லை, ஊருக்குள் கடிகாரக் கோபுரத்துக்குக் கீழே, மாடியில் இருக்கிறது என்று அவர் திருத்தினார். அங்கே காய்கறிக் கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரக் கிழவி இவருக்காக மட்டும் கொத்தமல்லிக் கட்டை ஈரத் துணியில் சுற்றி எடுத்து வைப்பாளாம். மகள் அமெரிக்காவுக்குக் கிளம்பின வாரம் இவர் போகவில்லை. அடுத்த வாரம் போனபோது, அந்தக் கிழவி ஒன்றும் கேட்காமல் இரண்டு கட்டுக் கொடுத்தாளாம். எந்த வீடியோவிலும் அந்தக் கொத்தமல்லி வரவில்லை.

"என் பொண்ணு ஒரு மாதிரி" என்றார் திடீரென்று, குரலைத் தாழ்த்தி. "மனசு சரியில்லைன்னா ரெண்டு நாள் பேசவே மாட்டா. என்ன ஏதுன்னு கேட்டா கோவம் வரும். அதான் எனக்குக் கவலை."

"நானும் பேச மாட்டேனுங்க" என்றேன். "ரெண்டு பேரும் பேசாம டீ குடிச்சிட்டு உக்காந்திருப்போம்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீடியோவைப் பார்த்தார். வேல்ஸ் பாலம் வந்தது, போனது.

சாயந்திரம் கிளம்பினார்கள். டாக்டர் மிகவும் கலகலப்பாக இருந்தார். பெண்ணின் அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்து, "ஊருக்குப் போனதும் சொல்றோம்" என்றார்.

மகன் அவர்கள் கார் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றான். உள்ளே வந்து, "வாட் டஸ் தட் மீன்?" என்றான்.

"அப்படித்தான்டா சொல்லுவாங்க. அது ஒரு மரியாதை" என்றார் அவன் அப்பா.

எடிசன்காரர்களும் போகும்போது அதையேதான் சொன்னார்கள். மூன்று பேருக்கும் அது ஞாபகம் இருந்தது. மகன் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மிச்சமிருந்த பாயசத்தை யாரும் தொடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெண்ணின் அம்மா போன் செய்து, பேசாமல் டீ குடிப்போம் என்று நான் சொன்னதிலேயே மனசு ஆறிவிட்டது, ஊருக்குப் போகும்வரை தள்ளிப் போட வேண்டாம் என்று தோன்றுகிறது, இன்றைக்கே வந்து தட்டு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். வாங்க என்றேன். இந்தியக் கடையில் வெற்றிலை தீர்ந்துவிட்டிருந்தது. பாக்கும் வாழைப்பழமும் மட்டும் வைத்துத் தட்டு மாற்றிக்கொண்டோம். பிறகு எல்லோரும் உப்புமா சாப்பிட்டோம்.